பூவின் நேரத்துக்குப் போவது

(மதுரையில் ஒரு புரட்டாசி மாலையில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சின் போக்கு கலையாமல் எழுத்தில் தரப்படுகிறது.)



முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காட்டுப்பூக்களைப் படம் எடுப்பது பற்றிப் பேச வந்தவன் ஒரு படம்கூடக் கொண்டுவரவில்லை. திரை கட்டட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். திரையில் பூவைக் காட்டினால் "அடடா" என்பீர்கள். அடுத்த படத்துக்கும் "அடடா" என்பீர்கள். கடைசியில் ஐம்பது அறுபது அடடாவோடு பஸ் ஏறிவிடுவீர்கள். நான் உங்களை வேறோர் இடத்துக்கு அனுப்பப் பார்க்கிறேன். நாளைக் காலை ஆறரை மணிக்கு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிற காலி மனைக்கு.

நம்முடையது பூவுக்குப் பேர்போன ஊர். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குள் விடிகாலையில் நுழைந்தால் மூக்குதான் வழிகாட்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் இந்த ஊரில் பூ என்றால் தராசில் ஏறுவது, நாரில் ஏறுவது, தலையில் ஏறுவது, சாமிக்குச் சாத்துவது. இந்த நாலில் ஒன்றிலும் சேராத பூ நம் கண்ணில் படுவதில்லை. விஷ்ணுகிரந்தியில் ஒரு கிலோ சேர்க்க வேண்டுமானால் ஒரு கிராமமே ஒரு வாரம் குனிந்த முதுகோடு அலைய வேண்டும். அதனால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. அதனால்தான் நாம் அதை மிதித்துக்கொண்டும் நடக்கிறோம்.

ஏன் இந்த மாதத்தில் இந்தப் பேச்சு? குளிர்நாட்டுப் படக்காரர்களுக்கு செப்டம்பர், அக்டோபர் என்றால் இலை சிவந்து உதிர்கிற காலம், ஆண்டு அடங்குகிற காலம். நமக்கு அப்படியே தலைகீழ். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவத்தில் ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். சித்திரையிலிருந்து ஆடி வரை காய்ந்து, வெடித்து, செம்மண்ணும் கரிசலுமாகக் கிடந்த இந்தச் சமவெளிக்கு இப்போதுதான் ஆண்டு பிறக்கிறது. பகல் முழுக்க வெயில் கொளுத்தும். சாயங்காலம் நாகமலைப் பக்கம் கறுக்கும். அரை மணி கொட்டிவிட்டு நிற்கும். பிறகு ஐப்பசி மழை. மதுரைக்கு ஆண்டிலேயே அதிக மழை கொண்டுவரும் மாதம் அக்டோபர். முதல் மழைக்குப் பத்து நாள் கழித்து ஒரு வரப்போரத்தில் குனிந்து பாருங்கள். மண்ணுக்குள் ஒன்பது மாதம் கண்மூடிக் கிடந்த விதையெல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பருவத்தை நம்மூர்க்காரர் ஒருவர் முன்பே படம் பிடித்துவிட்டார். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். அவருடைய நெடுநல்வாடை 188 அடி கொண்ட பாட்டு. அரண்மனை, அரசி, யானைத் தந்தத்தால் செய்த கட்டில் எல்லாம் அதில் வரும். ஆனால் அங்கே போவதற்கு முன் அவர் நம்மை மழையில் நனைந்த புதரோரமாக நிறுத்துகிறார். வெள்ளை முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கும் புதருக்குப் புதர் பூத்திருக்கின்றன என்கிறார். இரண்டுமே வேலியில் ஏறும் கொடிகள். அரசனைப் பாடப் போனவர் வேலிக்கு ஒரு பார்வை ஒதுக்கியிருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். மூடாக்கு வானத்தில் பொழுது எது என்று தெரியாத பெண்கள், தட்டில் வைத்திருந்த பித்திகை அரும்பு விரிகிற மணத்தை வைத்து அந்தி வந்ததை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். பூதான் கடிகாரம்.

நான் இன்று சொல்லப் போவதன் பாதி இதற்குள் இருக்கிறது. பூவுக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு நாம் போக வேண்டும். நம் வசதிக்கு அது வராது. மீதிப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன்.

காலை ஆறரையில் தொடங்குவோம்.

மோட்டார் கொட்டகை, வாய்க்கால் ஓரம், ஈரம் தங்குகிற எந்த நிழலிலும் கானாவாழை இருக்கும். நீலப் பூ, சுண்டு விரல் நகம் அளவு. படகு மாதிரி மடிந்த ஒரு பச்சை உறைக்குள்ளிருந்து தலை நீட்டும். காலையில் சில மணி நேரம்தான் ஆயுள். பதினொரு மணிக்குப் போனால் ஈரக் காகிதம் போலச் சுருண்டிருக்கும். கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மேலே இரண்டு இதழ் எடுப்பாக நிற்கும். கீழே மூன்றாவது இதழ் சின்னதாக, பேருக்கு ஒன்று என்று இருக்கும். இந்த இனத்துக்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ் அதில் ஒரு குறும்பு செய்தார். ஹாலந்தில் கம்மெலின் என்றொரு குடும்பம். அதில் இரண்டு பேர் தாவரவியலில் பெரும் பெயர் எடுத்தவர்கள், மூன்றாமவர் எதையும் செய்து முடிக்கும் முன்பே இறந்துபோனார். அந்த மூவரையும் நினைத்துத்தான் இந்தச் செடி இனத்துக்குக் கம்மெலினா என்று பேர் வைத்தார். அந்த மூன்றாவது இதழைத் தெளிவாகக் காட்டாத கானாவாழைப் படம் எனக்குப் படமே இல்லை. கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இன்னும் ஒரு ரகசியம். இந்தச் செடி மண்ணுக்கு அடியிலும் பூக்கும். வெளிச்சமே பார்க்காத, விரியவே விரியாத பூ. தனக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து விதை கட்டிக்கொள்ளும். மேலே பூப்பது வண்டுக்கும் நமக்கும், கீழே பூப்பது காப்பீட்டுக்கு. களை எடுக்கிறவர்களுக்கு இது ஏன் தொலையாத தலைவலி என்பது புரிகிறதா?

அதே நேரத்தில், கொஞ்சம் மேட்டுப் பாங்கான செம்மண்ணில் விஷ்ணுகிரந்தி விழித்திருக்கும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. தரையோடு தரையாகப் படர்ந்து, வானத்தின் துண்டுகளைச் சிந்திவிட்டுப் போன மாதிரி இருக்கும். இதை நின்றுகொண்டு எடுத்தால் பச்சைக்கு நடுவே நீலப் புள்ளி என்றுதான் விழும். முட்டி போட வேண்டும். பிறகு முழங்கை ஊன்ற வேண்டும். கடைசியில் வயிற்றை மண்ணில் கிடத்த வேண்டும். பூவின் மட்டத்துக்குக் கேமரா இறங்கியதும் உலகம் மாறிவிடும். பின்னால் இருக்கிற புல் மூங்கில் காடாகிவிடும். எறும்பு, மாடு அளவு நடந்து வரும்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். ஒரு மேக்ரோ லென்ஸில் பூவை அதன் உண்மையான அளவுக்கே உணரியில் விழவைத்து, துளையை எஃப் 8-இல் வைத்தாலும், தெளிவாகக் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மூச்சு விட்டால் போச்சு. அதனால் எதைத் தெளிவாகக் காட்டப் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பெரும்பாலும் பூவின் நடு, அதாவது மகரந்தப் பையும் சூல்முடியும் இருக்கிற இடம். அது தெளிந்தால் இதழ் நுனி மங்கினாலும் கண் மன்னித்துவிடும். காற்று அடித்தால் ஷட்டரை வேகமாக்கு, அல்லது காத்திரு. எவ்வளவு அடிக்கிற காற்றும் நடுவில் ஒரு மூச்சு வாங்கும். கேமராவை வைக்க மூன்றுகால் தாங்கி வேண்டும் என்றில்லை. பழைய பேன்ட் காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, வைகை மணலோ வீட்டு அரிசியோ நிரப்பினால் அதுவே மெத்தை. வெயில் ஏறியதும் பூவுக்கு மேல் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடியுங்கள். வெளிச்சம் வடிகட்டி இறங்கும். என்னிடம் பல ஆயிரம் ரூபாய்ச் சாமான் இருக்கிறது. அதில் அதிகம் உழைத்தது என் தோளில் கிடக்கும் இந்தத் துண்டுதான்.

வெறும் செல்போன் வைத்திருக்கிற பிள்ளைகள் சோர வேண்டாம். போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் இருக்கிற முனையைத் தரையில் வையுங்கள். பெரிய கேமராவால் போக முடியாத மட்டத்துக்கு அது போகும்.

ஏழு மணிக்கு நான் போகிற இடம் கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் தாண்டி, சமணர் மலை ஏறுகிற படிக்கு முன்னாலேயே ஒதுங்கிவிடுவேன். மேலே தீர்த்தங்கரர்கள் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே பாறைச் சந்தில் கவிழ்தும்பை பூத்திருக்கும். பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. பூ எப்போதும் தரையைப் பார்த்துத்தான் தொங்கும். மேலிருந்து பார்த்தால் மொசுமொசுவென்று மயிர் படர்ந்த புல்லிவட்டம்தான் தெரியும். வெளிர்நீலமா, இளஞ்சிவப்பா என்று சொல்ல முடியாத அந்த நிறத்தையும், நடுவில் மகரந்தத்தாள்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு கூம்பாக நிற்பதையும் பார்க்க வேண்டுமானால் கீழே படுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஒருநாள் அப்படித்தான் மல்லாக்கப் படுத்திருந்தேன். நாலைந்து ஆடுகளோடு ஓர் அப்பத்தா வந்து நின்றார்.

"ஏய்யா, விழுந்துட்டியா?"

"இல்ல அப்பத்தா, பூவப் படம் எடுக்குறேன்."

"என்னத்தப் பூவு? இந்தக் கழுதத்தும்பையவா?"

அவர் குனிந்தார். ஆட்டை ஓட்டுகிற குச்சியால் பூவை மெல்ல நிமிர்த்தி என் பக்கம் காட்டினார். "இதுக்கு எதுக்கு மண்ணுல பொரளுற? இப்பிடித் தூக்கிப் பாக்க வேண்டியதுதான?"

அவர் சொன்னது சரிதான், பார்ப்பதற்கு. ஆனால் படத்தில் பூ நிமிர்ந்து நின்றால் அது கவிழ்தும்பை இல்லை. பொய் சொல்கிற படம் ஆகிவிடும். அதைச் சொன்னபோது அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அதுஞ்செரி, கழுதைக்கும் வெக்கம் இருக்குமில்ல" என்று சொல்லிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டார். பூவைப் படம் எடுப்பதன் ஒழுக்கம் பற்றி நான் படித்த எதுவும் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் நிற்காது.

எட்டு மணி வாக்கில் புல்வெளியில் ஓரிதழ்த்தாமரை. இளஞ்சிவப்பில் ஒரே ஓர் இதழ், விசிறி மாதிரி. பேர் வைத்தவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. மேக்ரோ லென்ஸை வைத்தால் கதை மாறும். அந்தப் பெரிய இதழுக்குப் பின்னால், கூட்டத்தில் பெரியவர் முதுகுக்குப் பின்னால் மறைந்த பிள்ளைகள் போல, இன்னும் நாலு சின்ன இதழ்கள் இருக்கும். மொத்தம் ஐந்து. ஓரிதழும் இல்லை, தாமரையும் இல்லை. வயலட் பூக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்காகப் பேரை மாற்றிவிடாதீர்கள். ஓடுகிறவன் கண்ணுக்கு ஓரிதழ், உட்கார்கிறவன் கண்ணுக்கு ஐந்திதழ். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் அறிவு.

ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும் நெருஞ்சி. மஞ்சள் ஐந்திதழ். தரையெல்லாம் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கு இனியதாகப் பூத்துப் பிறகு முள்ளாகக் குத்துகிற நெருஞ்சியைத் தன் தலைவனுக்கு உவமை சொன்னார். அந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்று தெரிய வேண்டுமா? போன வாரம் பூத்த இடத்தில் இந்த வாரம் முட்டி போட்டுப் பாருங்கள்.

பத்திலிருந்து மூன்று மணி வரை படக்காரனுக்குப் பகல் ஓய்வு. ஆவாரை, கொழிஞ்சி, எருக்கு எல்லாம் அப்போதும் விரிந்திருக்கும். வெளிச்சம்தான் கொல்லும். அந்த நேரத்தை வீட்டில் உட்கார்ந்து காலையில் எடுத்ததற்குக் குறிப்பு எழுதச் செலவிடுங்கள். இதுதான் அந்த மீதிப் பாதிக்கு வாசல். பிறகு வருகிறேன்.

சாயங்காலம் துத்தி. சக்கரம் போலக் காய்க்குமே, மூலத்துக்கு இலையைக் கட்டுவார்களே, அதுதான். காலையில் போய்ப் பார்த்துவிட்டு "துத்தி இன்னும் பூக்கவில்லை" என்று ஒரு மாதம் திரும்பி வந்திருக்கிறேன். பிற்பகலில்தான் அது இதழ் விரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாலரை மணிக்குத் தற்செயலாகப் போனபோது செடி முழுக்க ஆரஞ்சு மஞ்சள். நான் பூவைத் தேடிய காலமெல்லாம் பூ தன் வேளைக்குச் சரியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. தாமதமாக வந்தவன் நான்தான்.

இருட்டியதும் முசுட்டை. நக்கீரர் சொன்ன முசுண்டை இதுதான் என்று தாவரவியலார் பலர் கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் இதன் இலையை வறை செய்து சாப்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பேரே மறந்துவிட்டது. வேலி மேல் ஏறிய கொடியில், அந்திக்குப் பிறகு, புனல் போன்ற வெள்ளைப் பூ விரியும். மணக்கும். விடிந்து வெயில் பட்டதும் தொய்ந்துவிடும். விட்டில்களுக்காகப் பூக்கிற பூ அது. வெள்ளையும் மணமும் இருட்டில் வழி சொல்ல. பிளாஷ் போட்டு எடுத்தால் சுவரொட்டி போல விழும். பக்கவாட்டில் ஒரு டார்ச்சை, அதற்கும் மேல் துண்டை மடித்துப் போட்டு, மங்கலாகக் காட்டுங்கள். கூட ஓர் ஆள் இருக்கட்டும். காலில் ஷூ இருக்கட்டும். மழைக்காலத்து வேலியில் நமக்கு முன்னால் வேறு சிலரும் குடியிருப்பார்கள்.

ஐப்பசி பாதிக்கு மேல் செங்காந்தள். நம் மாநில மலர். கண்வலிப்பூ என்றும் கார்த்திகைப்பூ என்றும் சொல்வது இதைத்தான். கிழங்கிலிருந்து விதை வரை நஞ்சு. கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதைப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். அழகர்மலை அடிவாரத்து வேலியில் தானாக ஏறிய காந்தளைப் பார்ப்பது வேறு சுகம். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு பாதி மஞ்சள் பாதி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று வயதும் இருக்கும். எல்லாரும் சிவப்பைத்தான் எடுக்கிறார்கள். ஒரே சட்டத்துக்குள் மூன்று வயதையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு குடும்பப் படம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை. டிஜிட்டல் கேமராவுக்கு இந்தச் சிவப்பு ஜீரணமாகாது. நரம்பு, சுருக்கம் எல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் தீற்றலாகிவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் இந்த மண்ணின் பூக்கள். சொல்லாமல் விட்டவையும் உண்டு. கண்மாய்க் கரையில் ரோஜா நிறத்தில் எக்காளம் எக்காளமாகப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, பல வண்ணத்தில் பூக்கும் உண்ணிச்செடி, வண்டியூர்க் கண்மாய் மாதிரி நீர்நிலைகளை மூடுகிற ஆகாயத்தாமரை, தெருவோரத்து வெட்டுக்காயப் பூண்டு, வெள்ளைப் பார்த்தீனியம். எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கேமராவுக்குக் குடியுரிமை தெரியாது. புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எடுப்பதே இவற்றைத்தான், ஏனென்றால் இவைதான் அதிகம் கண்ணில் படும். எடுங்கள், தப்பில்லை. ஆனால் பேரைத் தெரிந்து எடுங்கள். இவை எங்கே பரவியிருக்கின்றன என்பதும் ஒரு செய்தி. நீர்முள்ளி இருந்த கரையில் இப்போது காட்டாமணக்கு என்றால், அந்த இரண்டு படங்களும் சேர்ந்து ஒரு கண்மாயின் வரலாறு.

சேர்ந்து என்று சொன்னேன். சேர்ப்பது எது? இங்கேதான் மீதிப் பாதி.

1858-இல் இந்த ஊருக்குக் கேமராவோடு ஒருவர் வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மஹாலையும் வைகையையும் யானைமலையையும் காகித நெகட்டிவில் எடுத்தார். அன்றைய மதுரையைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் நாம் அவர் படத்துக்குத்தான் போக வேண்டும். அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். ஆமாம், கம்மெலினாவுக்குப் பெயர் வைத்தாரே, அவருடைய பெயரேதான் இவருக்கு முதற்பெயர். அந்த மூத்த லின்னேயஸின் மாணவர் கோனிக் என்பவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து நம் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கியவர். பெயரில் தாவரவியலைச் சுமந்துகொண்டு மதுரைக்கு வந்த ட்ரைப்புக்குக் கல்லும் மலையும்தான் பொருந்தின. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வெளிச்சம் பதிய நெடுநேரம் ஆகும். யானைமலை அசையாமல் நிற்கும். தும்பைப்பூ நிற்குமா?

தும்பையை அசையாமல் வைத்தவர்கள் வேறு ஆட்கள். செடியை அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டுகிறவர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரகத்தை அமைத்தவர் கே.எம். மேத்யூ என்ற பாதிரியார். தமிழகத்துச் சமவெளியிலும் குன்றுகளிலும் பல்லாண்டு அலைந்து சேகரித்து, 1981 தொடங்கிப் பல தொகுதிகளாகத் தாவரநூல் வெளியிட்டார். பழனிமலைத் தாவரங்களுக்கும் தனி நூல் எழுதினார். 2004-இல் காலமானார். உலர்தாவர அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அழகு ஒன்றும் இருக்காது. நீலம் பழுப்பாகியிருக்கும், மஞ்சள் வெளுத்திருக்கும். ஆனால் வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு உயரம், பாறையா வயலா, பூ உயிரோடு இருந்தபோது என்ன நிறம், எடுத்தவர் யார், எத்தனையாவது எண். அந்தச் சீட்டு இல்லாத அட்டையை எந்த அறிஞரும் கையால் தொட மாட்டார். சீட்டு இல்லாவிட்டால் அது சருகு.

நம் படங்களோ நேர்மாறு. நிறம் உயிரோடு இருக்கிறது, சீட்டு இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. கரையில் நீர்முள்ளி ஊதா நிறத்தில் முள்ளோடு நிற்கிறது, பின்னால் தண்ணீர், அதில் அல்லி. நல்ல படம் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தக் கண்மாய் எது என்று ஒருநாள் ஒரு மாணவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கோப்பில் ஓர் எண் மட்டும் இருந்தது. கேமராவில் தேதியை நான் சரியாக வைக்கவும் இல்லை. அவனியாபுரம் பக்கமா, மாடக்குளம் பக்கமா, சாமநத்தமா? மூன்று இடத்துக்கும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அன்று நான் நின்ற கரை எங்குமே கிடைக்கவில்லை. அது வேறு ஏதோ கண்மாயாக இருக்கலாம், மனைகளாகிப் போனதாகவும் இருக்கலாம். அங்கே நீர்முள்ளி இருந்தது என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி நான். அந்தச் சாட்சிக்கு ஊர் பேர் தெரியவில்லை. வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

சாட்சி என்ற சொல்லைச் சும்மா சொல்லவில்லை. மேலூருக்குப் போகிற வழியில் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்த இடம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193.42 ஹெக்டேர். இரண்டே ஆண்டில் அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் நின்றதால் மலை நின்றது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மக்கள் பேசும்போது கையில் வெறும் கோபம் மட்டும் இருக்கவில்லை. இங்கே இன்ன பறவை இருக்கிறது, இன்ன கல்வெட்டு இருக்கிறது, இன்ன சுனை இருக்கிறது என்று முன்பே ஆண்டுக்கணக்கில் அலைந்து எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். பேர், இடம், தேதி. அதாவது சீட்டு.

ஆகவே ஒரு பூவுக்கு ஒரு படம் போதாது. முகத்தை ஒன்று எடுங்கள். பிறகு பூவின் முதுகை ஒன்று. இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா என்று தெரிய ஒன்று. காய் இருந்தால் ஒன்று. அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. கடைசியாக எழுந்து நின்று, அது வளர்கிற இடம் முழுவதும் தெரிய ஒன்று. மனை விற்பனைப் பலகை அதில் விழுந்தாலும் விழட்டும், மறைக்காதீர்கள். பிறகு ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றினால், பேர் சொல்ல எங்கோ ஒருவர் விழித்திருப்பார்.

ஓரிரண்டு விலக்கு உண்டு. குன்றுகளின் பாறை இடுக்கில் கள்ளிமுளையான் வளரும். கறுஞ்சிவப்புப் பூ, அழுகல் வாடை, ஈ மொய்க்கும். பசியை அடக்கும் மாத்திரை செய்ய இந்தக் குடும்பத்துச் செடியைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட செடிகளுக்கும் காட்டுக் காந்தளுக்கும் துல்லியமான இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள், சீட்டில் மட்டும் எழுதி வையுங்கள். பட்டா நிலமென்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள். பின்னணி சரியில்லை என்று பக்கத்துச் செடியைப் பிடுங்காதீர்கள். பூவை நிமிர்த்தாதீர்கள். அதுதான் சொன்னேனே, கழுதைக்கும் வெட்கம் உண்டு.

சீட்டில் தாவரவியல் பேர் இருக்கட்டும், புத்தகத்துத் தமிழ்ப் பேர் இருக்கட்டும். அதோடு அந்த இடத்து ஆள் என்ன பேர் சொன்னார் என்பதும் இருக்கட்டும். புத்தகப் பேரை நாளைக்கும் தேடிக்கொள்ளலாம். ஊர்ப்பேர் சொன்னவர் நாளைக்கு இருப்பாரா என்பது நம் கையில் இல்லை.

நீண்ட நேரம் பேசிவிட்டேன். படம் கொண்டுவரவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு உட்காருகிறேன்.

"கவிழ்தும்பை. கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரம், படிக்கட்டுக்கு மேற்கே, பாறை இடுக்கு. புரட்டாசி, முந்தின இரவு மழை. காலை 7.10. பூ கீழ்நோக்கி, வெளிர்நீலம், ஓரத்தில் சிவப்பு. ஒரு செடியில் ஒன்பது பூ. ஊர்ப்பேர் கழுதைத்தும்பை. சொன்னவர், ஆடு மேய்க்கும் அப்பத்தா. பேர் கேட்க மறந்துவிட்டேன்."

நாளைக்குக் கேட்க வேண்டும்.